இணையதளமா, கோவில் முற்றமா? 41 மணி நேரக் கடல் பேச்சை எங்கே காட்டுவது

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் இரும்பு அலமாரியில், கிறிஸ்மஸ் விளையாட்டுப் போட்டிக் கோப்பைகளுக்குப் பின்னால், ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதற்குள் 41 மணி நேரப் பேச்சு. எழுபது தாண்டிய பாட்டாமார், கரையில் நின்று கரமடி வலை இழுத்துக் காய்ப்பு ஏறிய கைகள், கட்டுமரத்தில் பாய் விரித்துப் போய்வந்தவர்கள், ஓலைக்கடவத்தில் மீன் சுமந்து வடசேரிச் சந்தை வரை நடந்த அம்மாமார். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எடுத்தது. கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எதுவும் வராத காலத்தில் கடலை எப்படிப் படித்தீர்கள்?

ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், மணக்குடிக்கும் முட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொல்லாததற்குக் காரணம் பின்னால் வரும்.

கையில் இரண்டே கால் லட்சம் ரூபாய். பஹ்ரைனிலும் கத்தாரிலும் இருக்கும் ஊர்ப் பையன்கள் சேர்த்து அனுப்பியது. இந்தப் பேச்சை எந்த வழியில் ஜனங்களிடம் கொண்டுபோவது என்பதில் எட்டு மாதம் சண்டை போட்டோம். இதேபோல் பதிவுகளை வைத்துக்கொண்டு முழிக்கும் வேறு படிப்பகங்களுக்கோ இளைஞர் மன்றங்களுக்கோ உதவட்டும் என்றுதான் எங்கள் கணக்கை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: வெப்சைட் கட்சியில் முதல் ஆள் நான்.

வழக்கமான வழி, ஒன்றரை மணி நேரப் படமாக வெட்டி யூடியூபில் போடுவது. அதைப் பத்து நிமிஷத்தில் தள்ளிவிட்டோம். 41 மணி நேரத்தில் முப்பத்தொன்பதரையை எறிய வேண்டும். எதை எறிவது என்று லேப்டாப் வைத்திருக்கிறவன் தீர்மானிப்பான். இரண்டு பாட்டாமார் ஒரே காற்றுக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள் என்றால், கேமராவுக்கு அழகாகப் பேசினவர் சொன்னது வரலாறாகிவிடும்.

இன்னொரு யோசனை நாகர்கோவிலில் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் கொண்டுவந்தது. வி.ஆர். கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டார். ஏதோ ஒரு நாட்டுக் கடலுக்குள் சுறா ஒன்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. அருமையாகத்தான் இருந்தது. கழற்றியபோது அம்மா எதிரே காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டாளாம். அந்தக் கண்ணாடி ஒன்றின் விலையில் ஊருக்கே சில ராத்திரிகள் திரை கட்டலாம் என்பது தனிக்கணக்கு.

மிச்சம் நின்றவை மூன்று. தொடத் தொடத் திறக்கும் இணையப் படம். போன் போட்டால் பேசும் குரல்வழி. கோவில் முற்றத்தில் திரை கட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசும் காட்சி.

இணையத்தில் இன்டராக்டிவ் டாகுமென்டரி

தமிழில் ஊடாடும் ஆவணப்படம் என்று எழுதுகிறார்கள். எங்கள் கூட்டங்களில் எல்லாரும் ‘இன்டராக்டிவ்’ என்றே சொன்னோம். படம் தன்பாட்டில் ஓட நாம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை; எந்த ஆள், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று நாம் தொட்டால்தான் அடுத்தது வரும். வேர் பழையது. 1978-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஆஸ்பென் என்ற ஊரின் தெருக்களை வீடியோ தட்டில் ஏற்றி, திரையைத் தொட்டே ஊருக்குள் ஓட்டிப் பார்க்கும்படி செய்தார்கள். பிற்பாடு 2008-லிருந்து ஏழெட்டு வருஷம் ஐரோப்பாவில் ஆர்ட்டே தொலைக்காட்சியும் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியமும் இந்த வகையைப் பெரிதாக வளர்த்தன.

நான் இதில் விழுந்ததற்கு ஒரே காரணம், பாரைக் கண்டுபிடிக்கும் கணக்கு. கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டைத்தான் பார் என்கிறோம். மீன் அங்கே அடையும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். பாட்டாமார் என்ன செய்தார்கள்? வள்ளத்திலிருந்து கரையைத் திரும்பிப் பார்த்தால் தூரத்தில் மருந்துவாழ்மலை. அதற்கு முன்னால் கரையோரத்தில் ஒரு கோவில் கோபுரம். (எங்கள் கடப்புறத்தில் மாதா கோவிலும் கோவில்தான்.) வள்ளம் கிழக்கே நகர்ந்தால் கோபுரம் மலையை விட்டு மேற்கே விலகும். மேற்கே நகர்ந்தால் கிழக்கே விலகும். கிட்டத்தில் இருப்பது வேகமாக நகரும், தூரத்தில் இருப்பது அசையாது, அவ்வளவுதான் சூத்திரம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை விடாமல் வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் வேறொரு குன்றும் ஒரு தென்னங்கூட்டமும் அதேபோல ஏறி நிற்கும் இடத்தில் இரண்டாவது கோடு முதல் கோட்டை வெட்டும். அங்கே கல் கட்டிய கயிற்றை இறக்கிப் பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) எண்ணினால், பார்.

இதைச் சாதாரணப் படத்தில் சொல்லலாம். பார்ப்பவனைச் செய்ய வைக்க முடியாது. இணையப் படத்தில் முடியும். விரலால் வள்ளத்தை இழுத்தால் மலையும் கோபுரமும் நழுவும். பத்து வயசுப் பிள்ளை இரண்டு நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும். மாதிரி ஒன்றை நானே செய்தேன், என் தங்கை மகள் மூன்றாவது தடவையில் பாரைப் பிடித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு லாபம் தூரம். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் வெளியே கிடப்பவை. எங்கள் ஊரிலிருந்தும் அந்தப் படகுகளில் ஏறிப் போகும் பையன்கள் உண்டு. வளைகுடாவில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முற்றத்துக்கு வர மாட்டார்கள். போனில் இறக்கி வைத்து நெட் இல்லாமலும் ஓடும்படி செய்தால் நடுக்கடலிலும் பார்க்கலாம்.

விலை? நாகர்கோவிலில் விசாரித்ததில், நாங்கள் கேட்ட அளவுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் சொன்னார்கள். வருஷா வருஷம் இணைய இடத்துக்கு வாடகை தனி. பணம் பெரிய விஷயமில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆயுசுதான் பெரிய விஷயம் என்பது பிறகு தெரிந்தது. அந்த நல்ல காலத்து இணையப் படங்களில் பலவற்றை அடோபியின் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் கட்டியிருந்தார்கள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃப்ளாஷைக் கைவிட்டது. மறுமாதம் அது ஓடுவதையே தடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் சிலவற்றை மறுபடி கட்டி எடுத்தன, மற்றவை வெறும் சாம்பல் கட்டமாக நிற்கின்றன. ஓர் அரசாங்க வாரியத்துக்கே இந்தப் பாடு. எங்கள் படிப்பகத்தில் செயலாளர் கலியாணமாகி வெளியூர் போனாலே பேப்பர் போடும் பையனுக்குப் பணம் நின்றுவிடும்.

அடுத்தது, ஆள் தனியாகிறான். மாதிரியைப் பதினொரு பேரிடம் கொடுத்தோம். தங்கை மகளைப்போல விளையாடியவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் முதல் பாட்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், நடுவில் வாட்ஸாப் மணி அடித்தது, போனார்கள், திரும்பி வரவில்லை. குறை அவர்கள்மேல் இல்லை. எல்லாக் கதவும் திறந்து கிடக்கும் வீட்டில் எதற்குள்ளும் போகத் தோன்றாது.

மூன்றாவது அடியை நான் எதிர்பார்க்கவில்லை. மாதிரியைப் பெருமையாக எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைச் சொன்ன பாட்டாவிடமே போனேன். வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். விரலால் வள்ளத்தை இழுத்துக் காட்டினேன். கோபுரம் நழுவியது, மலை நின்றது, கோடு விழுந்தது. அவர் முகத்தில் முதலில் சிரிப்பு. பிறகு போனை வாங்கிக் கவிழ்த்துத் தரையில் வைத்தார்.

“மக்கா, இத ஆரெல்லாம் பாப்பா?”

“எல்லாரும் பாக்கலாம் பாட்டா. உலகத்துல எங்க இருந்தும்.”

“டிராலிங்காரனுமா?”

விசைப்படகில் மடியை இழுத்து வாரிப் போகிறவர்களைச் சொல்கிறார். நான் பேசவில்லை.

“எங்கப்பன் எனக்குச் சொல்லித் தந்தது, நான் பதினெட்டு வயசு ஆன பொறவு. கூடப்பெறந்த தம்பிக்கு ஒரு வருஷம் களிச்சுத்தான் சொன்னேன். நீ கேட்டதுனால சொன்னேன். இங்க உள்ளவனுக்குத் தெரியலாம். போன்ல போடப்பிடாது, கேட்டியா.”

இந்த இடத்தில்தான் என் கட்சி ஆட்டம் கண்டது. இணையம் கேட்பவன் யார் என்று பார்க்காது. முற்றம் பார்க்கும். ஊர்ப்பெயரையும் கோபுரத்தையும் இந்தக் கட்டுரையில் நான் எழுதாததும் அதனால்தான்.

போன்வழி

இதற்கு நல்ல முன்மாதிரி பெரு நாட்டில் உண்டு. 1990-களில் அங்கே லட்சக்கணக்கான பெண்களுக்கு அரசாங்கத் திட்டத்தில் கருத்தடை செய்தார்கள். சம்மதமில்லாமல் செய்யப்பட்டதாகச் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில். மலையூர்களில் இருந்த அவர்களில் பலருக்கு இணையம் கிடையாது, போன் உண்டு. கிப்பு என்ற திட்டம் ஓர் இலவச போன் எண்ணை இணையத்தோடு இணைத்தது. கூப்பிட்டு ஸ்பானிஷிலோ அங்குள்ள பழங்குடி மொழியான கெச்சுவாவிலோ தன் கதையைப் பதியலாம். மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். 2015-இல் அது இணைய ஆவணப்படமாகவும் வந்தது. கிப்பு என்பது இன்கா காலத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்த முறை. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரே பிடித்துப்போனது, முடிச்சைப் பற்றி இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தியாவிலும் சத்தீஸ்கர்ப் பக்கம் சிஜிநெட் சுவரா என்று 2010-லிருந்து போன்வழிச் செய்தி நடந்திருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எங்கள் சரக்கு பாதிக்கு மேல் கண்ணால் பார்க்க வேண்டியது. காற்று மாறும்போது கடல்மேல் விழும் சுருக்கத்தை ஒரு பாட்டா கையை விரித்து, விரல்களை அலையாக்கிக் காட்டுகிறார். குரலில் அது “இப்பிடி… இப்பிடி…” என்று மட்டும் கேட்கும். தானியங்கிக் குரல்வழியை நடத்த மாதாமாதம் ஆகும் செலவும் எங்களுக்குத் தோதில்லை. அதை ஓரமாக வைத்தோம், முழுசாக விடவில்லை.

கோவில் முற்றம்

1967-இல் கனடாவின் ஃபோகோ தீவில் நடந்ததை யாரோ எனக்கு அனுப்பிவைத்தார்கள். நியூஃபவுண்ட்லாந்து கரையை ஒட்டிய மீனவர் தீவு. பிழைப்பு மோசமாகி, ஜனங்களை வேறிடத்தில் குடியேற்றிவிடலாமா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த சமயம். திரைப்பட வாரியத்தின் கோலின் லோ அங்கே போனார். ஒரே பெரிய படமாக எடுக்கவில்லை. ஓர் ஆள், ஒரு பேச்சு, ஒரு நிகழ்ச்சி என்று 27 சிறு படங்கள். அந்தத் தீவு ஊர்களிலேயே போட்டுக்காட்டி, ஜனங்களைப் பேசவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் படும் பாடும் தன் பாடும் ஒன்றுதான் என்று ஊர் ஊராகத் தெரிந்தது. அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டினார்கள். தீவு காலியாகவில்லை, மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள்.

அதே 1967, அதே கனடா, இன்னொரு கூத்து. மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் கினோஆட்டோமாட். நாற்காலிக்கு இரண்டு பொத்தான். படம் நடுவில் நிற்கும், ஆள் ஒருவர் மேடைக்கு வந்து அடுத்து என்ன நடக்கட்டும் என்று கேட்பார், ஓட்டுப்போட வேண்டும். கூட்டம் அலைமோதியது. விஷயம் என்னவென்றால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கதை கொஞ்சம் சுற்றிவிட்டு ஒரே இடத்துக்கு வந்து சேரும்படி அமைத்திருந்தார்கள். ஃபோகோவில் பொத்தானே கிடையாது, பேச்சுத்தான் இருந்தது. எது இன்டராக்டிவ் என்று கேட்டால் நான் ஃபோகோவைத்தான் சொல்வேன்.

நமக்கு இது புதுசும் இல்லை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த மாவட்டம் இது. கோவில் கொடைவிழாவில் சாமி ஆடத் தொடங்கினால் புலவர் பாட்டை இழுப்பார், முறுக்குவார், ஆட்டம் தணிகிற வரைக்கும் அடுத்த அடிக்குப் போக மாட்டார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவதில் கொஞ்சம் சுதி குறைந்தால் கதையில் எங்கேயோ தொய்வு என்று அவருக்குத் தெரியும். கேட்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கதை நடப்பது நம் வீட்டுச் சொத்து.

போன வருஷம் செப்டம்பரில் ஒரு ராத்திரி சோதனையாக நடத்தினோம். பங்குத்தந்தை கொடிமரத்துக்குப் பக்கத்தில் திரை கட்டச் சம்மதித்தார். ப்ரொஜெக்டர், திரை, வயர் வாடகை எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைந்நூறு. ஒலிபெருக்கி கோவிலுடையது. ஜெபமாலை முடிந்து ஏழரைக்குத் தொடங்கினோம். நான்கு முதல் ஏழு நிமிஷம் ஓடும் துண்டுகளாக ஒன்பது வெட்டி வைத்திருந்தேன். எதை முதலில் போடுவது என்று கூட்டத்தையே கேட்டேன். “காத்து போடு,” என்றது ஒரு குரல். “ஒன் காத்து ஆருக்கு வேணும், சுறா போடு,” என்றது இன்னொன்று.

பார் கணக்கு மூன்றாவதாக ஓடியது. பாட்டாவிடம் முன்பே சம்மதம் கேட்டிருந்தேன். முற்றத்தில் போடலாம் என்றார். பாதியில் பின்வரிசையிலிருந்து ஒரு கை.

“லேய், நிப்பாட்டு. அந்தக் கோபுரமா சொல்லுகான்? அத இடிச்சுக் கெட்டி எத்தன வருஷம் ஆச்சு?”

நிறுத்தினேன். திரையில் பாட்டாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. கீழே அவரே முதல் வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பழைய கோபுரத்துக்குள்ள கணக்கு அது,” என்றார் திரும்பாமலே.

“அதத்தான் கேக்கேன். புதுக் கோபுரம் பத்தடி தள்ளியில்லா நிக்கி. கடலுக்குள்ள அது எத்தன வலி தள்ளும்? பிள்ளையளுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தா பாருக்குப் பதிலா வெறுந்தரையில வலை விடுவான்.”

வலி என்பது துடுப்பை ஒரு தடவை வலிக்கும் தூரம். மற்றொருவர் எழுந்தார். தென்னங்கூட்டமும் 2004 டிசம்பர் 26-இல் கடலோடு போய்விட்டதே, அப்புறம் எதை வைத்துப் பார்த்தோம் என்று கேட்டார். செல்போன் டவர் என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அது உண்மை, டவரை வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். கோபுரம், தென்னை, டவர் என்று நாற்பது நிமிஷம் போனது. என் மூன்று வருஷப் பதிவில் இது ஒரு வரிகூட இல்லை. கேமராவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்த மனுஷன் தன் இளமைக் காலத்துக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுத்துப் பேச எதிரில் ஆள் இல்லை, நானும் கேட்கத் தெரியாதவன். வெப்சைட் அப்படியே வந்திருந்தால், இல்லாத கோபுரத்தை வைத்துத் தப்பான இடத்தில் பார் காட்டியிருக்கும், அதுவும் அழகான அனிமேஷனோடு.

ஏழாவது துண்டு வானத்து நிறத்தைப் பற்றியது. அதில் ஒரு பாட்டா ஒக்கிப் புயலின் பெயரைச் சொன்னதும் முற்றம் மாறிப்போனது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பாத 2017 நவம்பர் 29 ராத்திரியை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். இடப்பக்கம் பாயில் இருந்த ஓர் அக்கா எழுந்து குருசடிப் பக்கம் நடந்தாள். கலியாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவள் அவள். பிறந்த ஊர் மேற்கே, தூத்தூருக்குப் பக்கத்தில். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் இரண்டு அம்மாமார் அவள் பின்னால் போய்விட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இணையப் படத்தில் இந்த இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை ஒன்று போட வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். பலகை எழுந்து பின்னால் நடந்து போகாது.

முற்றத்தில் எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். மைக் யார் கையில் போனாலும் கமிட்டியில் இருப்பவர் கையில்தான் அதிக நேரம் நின்றது. மீன் விற்ற அம்மாமார் கூட்டத்துக்கு வந்தார்கள், பேசவில்லை. முடிந்தபிறகு பாய் சுருட்டும்போது ஒரு அம்மா என்னிடம், “பாரு கண்டுபிடிச்சது அவியதான். கொண்டுவந்த மீனுக்கு வெல கண்டுபிடிச்சது ஆரு? அதக் கேக்கல்லியே நீ,” என்றாள். கேட்டிருந்தேன், பதினாறு பேரிடம் கேட்டிருந்தேன். வெட்டிய ஒன்பது துண்டில் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. யூடியூப்காரனைப் பற்றி மேலே நான் எழுதியது எனக்கும் பொருந்தும்.

நாள் குறிப்பதும் லேசு இல்லை. கன்னியாகுமரிக்கு மேற்கே விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். ஆண்கள் ஊரில் இருக்கும் காலம் அதுதான், ஆனால் தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான். திரை நனையும், கடற்காற்றில் கட்டுமரப் பாய் மாதிரி உப்பும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15-லேயே தடை தொடங்கிவிடும், அங்கே போய்க் காட்டுவதென்றால் கோடைக்குள் முடித்துவிடலாம். எங்கள் ஊருக்கு மழைக்காலத்தில் சமூகநலக்கூடம்தான் கதி. அங்கே நூற்றைம்பது பேருக்கு மேல் உட்கார முடியாது, எதிரொலி வேறு.

பணக்கணக்கு இப்படி: வெப்சைட்டுக்கு ஒரே தடவையில் முக்கால்வாசிப் பணம் போய்விடும், பிறகு வருஷச் செலவு. அதே பணம் முற்றத்தில் இருபத்துநான்கு ராத்திரிக்கு வரும். ஒவ்வொரு ராத்திரியும் புதுப் பதிவும் கிடைக்கிறது. மேடைப் பேச்சைப் பதிய ஒரு கேமரா, கூட்டத்தின் பேச்சைப் பதிய இன்னொரு மைக். செப்டம்பர் ராத்திரியில் இரண்டாவது மைக் வைக்க மறந்தோம். கோபுரச் சண்டையில் பாதி என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. வேறு ஊரில் யாராவது இப்படி நடத்தினால், இந்தக் கட்டுரையில் வேறெதை விட்டாலும் அந்த இரண்டாவது மைக்கை விடாதீர்கள்.

வெளியே இருப்பவர்களை என்ன செய்வது என்ற கேள்விதான் எனக்கு முற்றத்தை ஒத்துக்கொள்ளத் தடையாக நின்றது. காசு கொடுத்தவர்களே அவர்கள்தான். அதற்கு விடை நாங்கள் யோசித்து வந்ததில்லை. செப்டம்பர் ராத்திரி முன்வரிசையில் இருந்த பதினான்கு வயசுப் பையன் கோபுரச் சண்டையைப் போனில் எடுத்திருக்கிறான், கூட்டத்தில் படம் பிடிக்கக் கூடாது என்று நான் மைக்கில் சொன்ன பிறகும். எடுத்துப் பஹ்ரைனில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். மறுநாள் அவர் பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், ஆறு நிமிஷம். பையன் அதைத் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

இப்போது முடிவு இதுதான். முற்றம் முதல் வழி. முதல் வருஷத்துக்குப் பன்னிரண்டு ராத்திரி, எங்கள் ஊரில் ஐந்து, கூப்பிடும் ஊர்களில் ஏழு. இரண்டாவது ராத்திரி முழுக்க மீன் விற்ற அம்மாமார் பேச்சு. மைக்கும் அவர்கள் கையில். எந்தத் துண்டை ஊருக்கு வெளியே காட்டலாம் என்று அதில் பேசினவரே சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களுக்குத் துண்டுகள் வாட்ஸாப்பில் போகும், கோபுரமும் குன்றும் வராதவை மட்டும். அவர்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் அடுத்த ராத்திரி ஒலிபெருக்கியில் வரும். போன்வழியை இப்படித்தான் செலவில்லாமல் உள்ளே கொண்டுவந்தோம். வெப்சைட் மூன்றாவது வருஷத்துக்குத் தள்ளியாயிற்று. வந்தாலும் காற்றுப் பெயர்கள், வலை, மீன் விலைக் கதைகள் மட்டும். பார் கணக்கைக் கற்பனைக் கடலில், கற்பனைக் கோபுரத்தோடு விளையாட்டாக வைக்கலாம் என்று தங்கை மகள் சொல்லியிருக்கிறாள். கூட்டத்தில் போனில் எடுப்பதைத் தடுப்பதா விடுவதா என்பதில் மட்டும் கமிட்டி இன்னும் இரண்டாகத்தான் நிற்கிறது.

பஹ்ரைன்காரரின் ஆறு நிமிஷத்தை அக்டோபர் ராத்திரி சமூகநலக்கூடத்தில் போட்டோம். வெளியே மழை. ஒலி கொஞ்சம் கரகரத்தது, பின்னால் ஏதோ ஏ.சி. இரைச்சல். புதுக் கோபுரம் கட்டிய வருஷம் தானும் அப்பாவும் நான்கு நாள் கடலுக்குப் போய்ப் பழைய கணக்கைப் புதுக் கோபுரத்துக்கு மாற்றியதைச் சொன்னார். எத்தனை வலி, எந்தப் பக்கம் என்பதையும். முதல் வரிசைப் பாட்டா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“அந்த எடத்த திருப்பிப் போடு மக்கா.”

போட்டேன். வாய்க்குள் ஏதோ எண்ணினார்.

“இன்னொருக்கா.”